மூட்டைப்பூச்சியில் மூட்டை எங்கே?

மூட்டைப்பூச்சிக்கும் நாம் கட்டித் தூக்குகிற மூட்டைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. துணி மூட்டைக்குள் ஒளிந்துகொள்வதால் அந்தப் பெயர் என்பார் ஒருவர், ரத்தம் குடித்து வயிறு மூட்டையாக உப்பிவிடுவதால் என்பார் இன்னொருவர், இரண்டுமே கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மலையாளத்தில் அந்தப் பூச்சிக்குப் பெயரே வெறும் ‘மூட்ட’. பூச்சி என்கிற வால் அங்கே இல்லை. நாம் கட்டுகிற மூட்டைக்கு அவர்கள் சொல்வது ‘மூட’, அது வேறு சொல். ஆக மூட்டை என்பதே அந்தப் பிராணியின் சொந்தப் பெயர், தமிழில் அதற்குப் பின்னால் பூச்சி என்று ஒன்றை ஒட்டவைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

பூச்சிப் பெயர்களை ஆராயக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குகிற இடம் இதுதான். பெயரை இரண்டாக வெட்டி, இரண்டு துண்டுக்கும் நமக்குத் தெரிந்த பொருளைப் போட்டு, நடுவில் ஒரு கதையைக் கட்டிவிடுவது. சில பெயர்களுக்கு இது பலிக்கும், பலவற்றுக்குப் பலிக்காது. பலிக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை போதும்: பக்கத்து மொழியில் அதற்கு என்ன பெயர், பழைய தமிழ்ப் பாட்டில் அதற்கு என்ன பெயர்.

முதல் சோதனைக்குச் சேலத்துக்காரர்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். ஒரே தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் எல்லாம் இருப்பார்கள், மேட்டூரைத் தாண்டி மாதேஸ்வரன் மலைப்பக்கம் போனால் ஊரே கன்னடம். வாசலில் உட்கார்ந்து ‘உங்க வீட்ல பேனுக்கு என்னங்க சொல்வீங்க’ என்று கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சொல்லிவிடுவார்கள். தெலுங்கில் பேனு, கன்னடத்தில் ஹேனு. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதும் புலி ஹுலி ஆவதும் எந்தக் கணக்கோ அதே கணக்கு. அதாவது இந்த மொழிகள் பிரிவதற்கு முன்பே பேனும் இருந்திருக்கிறது, அதற்குப் பெயரும் இருந்திருக்கிறது. பேனுக்கு அவ்வளவு பழைய பெயர் இருப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, தலை இருந்த நாளிலிருந்து அது இருக்கிறதே.

(இடையில் ஒன்று. மலையாளத்தைப் பற்றிக் கேட்க ஏற்காட்டு மலையாளிகளிடம் போய்விடாதீர்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். மலையை ஆளுகிறவர்கள், மலையாளி. கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. பெயரைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் கிடைக்காது.)

சரி, பூச்சி என்கிற சொல்லுக்கே வருவோம். பள்ளிக்கூடப் பாடப்படி ஆறு கால் இருக்க வேண்டும், தலை, மார்பு, வயிறு என்று உடம்பு மூன்றாகப் பிரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இன்செக்ட் என்பதும் இந்தப் பிரிவைப் பார்த்து வைத்ததுதான். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் ‘எண்டோமா’ என்றார், வெட்டுப்பட்டவை என்று பொருள், அதை லத்தீனில் அப்படியே பெயர்த்து இன்செக்டம் ஆக்கினார்கள். நம் பேச்சுக்கு இந்தக் கறாரெல்லாம் கிடையாது. எட்டுக்கால் பூச்சி என்று காலை எண்ணிச் சொல்லிவிட்டு அதையும் பூச்சி என்போம், வயிற்றில் இருக்கிற புழுவுக்கு நாக்குப்பூச்சி என்று பெயர் வைப்போம். கன்னடத்தில் இன்னும் மோசம், புழுவுக்கும் பூச்சிக்கும் சேர்த்து ஹுளு என்று ஒரே சொல், அது நம் புழுவேதான். முதல் மழைக்குச் செம்மண்ணிலிருந்து வெளியே வரும் சிவப்பான தம்பலப்பூச்சியும் கணக்குப்படி பூச்சி ஆகாது, எட்டுக்கால் உள்ள உண்ணி வகை. தம்பலம் என்றால் வெற்றிலை மென்ற சிவப்பு எச்சில், அந்த நிறத்துக்காக வந்த பெயர். இதையே சங்கப் பாட்டுகள் மூதாய் என்றன, வடமொழிக்காரர்கள் மழைக் கடவுளோடு சேர்த்து இந்திரகோபம் என்றார்கள். ஒரே உண்ணியில் ஒருவருக்குப் பாட்டி தெரிந்திருக்கிறாள், ஒருவருக்கு இந்திரன், நமக்கு வெற்றிலை எச்சில்.

பெயர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது தும்பி. இன்று தும்பி என்றால் தட்டான், அதாவது தட்டாரப்பூச்சி, தண்ணீருக்கு மேல் நான்கு சிறகையும் விரித்து நின்ற இடத்தில் நிற்கிறதே அது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் பாடிய ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ பள்ளியிலேயே நமக்கு அறிமுகம். அதைப் படிக்கும்போது பலருடைய மனக்கண்ணில் வருவதும் தட்டான்தான், அழகான சிறகு என்று வேறு சொல்லிவிட்டாரே. ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தட்டான் பூவில் தேன் தேடுமா? தேடாது. அது முழு மாமிசம். கொசுவையும் ஈயையும் பறந்துகொண்டே பிடித்துத் தின்கிற பிராணி, பூவின் மேல் உட்கார்ந்தாலும் இரைக்குக் காவல் காக்க உட்காருமே தவிர தேனுக்கு அல்ல. பூப்பூவாகத் தேன் தேடிப் போகிறதைத் தன் வாழ்க்கையாக வைத்திருக்கிற தும்பி வண்டு வகையாகத்தான் இருக்க முடியும்.

இப்போது பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். கன்னடத்திலும் தும்பிதான், இன்றைய பேச்சில் முதல் எழுத்து ‘பந்து’வில் வரும் து மாதிரி ஒலிக்கும், அவர்களுக்கு அது பூவைச் சுற்றும் வண்டு. தெலுங்கில் தும்மெத, கறுத்துப் பெருத்து ரீங்காரமிட்டுக்கொண்டு வரும் வண்டு. இரண்டு பக்கத்திலும் பழைய பொருள் அப்படியே இருக்க, நாமும் மலையாளம் பேசுகிறவர்களும் பெயரைத் தூக்கித் தட்டானுக்குக் கொடுத்திருக்கிறோம். சங்கப் பாட்டுக்கு உரை எழுதியவர்கள் சொல்வதை, தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றைக்கும் தினசரிப் பேச்சில் உறுதி செய்கிறார்.

வண்டுகளுக்குப் பழைய தமிழில் பெயர்ப் பஞ்சமே இல்லை. சுரும்பு, மிஞிறு, ஞிமிறு என்று பட்டியல் நீளும். இதில் மிஞிறும் ஞிமிறும் இரண்டு வண்டு கிடையாது, எழுத்து இடம் மாறிய ஒரே சொல், தசை சதை ஆன மாதிரி. இலக்கணத்தில் இதற்கு எழுத்து நிலைமாற்றம் என்று பெயர்.

தட்டானுக்கு வேறு பெயர்கள் இல்லாமல் இல்லை. பொன் வேலை செய்யும் தட்டாரின் பெயரும் அதன் மேல் ஒட்டியிருக்கிறது, உடம்பு மெலிந்த வகைக்கு ஊசித்தட்டான், பிள்ளைகளிடம் கேட்டால் ஹெலிகாப்டர் பூச்சி. கடைசிப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை, பெயர் வைப்பது எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது.

இனி எழுத்து மாறிய கதைகள். மழை விட்ட சாயங்காலம் தெரு விளக்கைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கிறதே ஈசல், அதன் பழைய பெயர் ஈயல். புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், செம்புற்றிலிருந்து கிளம்பும் ஈயலை மோரில் புளிக்கவைத்துச் சமைத்ததைச் சொல்கிறார், நம் பக்கத்துக் கிராமங்களில் அதையே வறுத்துப் பொரியோடு கலந்து தின்பார்கள். அவர் ஈயல் என்றார், நாம் ஈசல் என்கிறோம். யகரம் பேச்சில் சகரமாவது நமக்கு ஊறிப்போன வழக்கம். உயிர் உசுரு ஆகும், உயரம் ஒசரம் ஆகும். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் இன்னொரு பூட்டும் திறக்கும். மாமரத்தில் ஏறினவனைக் கடித்துத் துரத்தும் சிவப்பு முசுறு எறும்பு, பழைய பாட்டுகளில் முயிறு. முயிறு, முசுறு. அவ்வளவுதான் கதை.

முசுறைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சேலத்தைச் சுற்றி மாந்தோப்புக்குக் குறைவில்லை, காய் பறிக்கிறவர்கள் முசுறுக்குப் பயந்து உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவதும் உண்டு. தாழ்ந்த கிளை ஒன்றில் பச்சை இலைகளைச் சேர்த்துப் பந்து மாதிரி கட்டியிருக்கும் கூட்டை, கை வைக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். முதலில் ஒரு வரிசை எறும்புகள் ஓர் இலையின் விளிம்பில் பின்கால்களை ஊன்றிக்கொண்டு அடுத்த இலையை வாயால் கவ்வி இழுக்கும், எட்டவில்லை என்றால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி போட்டு இழுக்கும். இரண்டு விளிம்பும் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் கூட்டுக்குள்ளிருந்து வெள்ளைப் புழுக்களை, அதாவது தங்கள் குஞ்சுகளை, வாயில் தூக்கிக்கொண்டு வரும். புழுவின் வாயிலிருந்து நூல் வரும். அதை இந்த இலையில் ஒரு தொடு, அந்த இலையில் ஒரு தொடு என்று மாற்றி மாற்றித் தொடவைத்துத் தைத்துவிடும், தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற அதே ஓட்டம். வளர்ந்த எறும்புக்கு நூல் விடத் தெரியாது, அதற்காகக் குழந்தையையே நாடாவாக்கிவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு நெசவாளி எறும்பு என்று பெயர். பாதித் தெருவில் தறிச் சத்தம் கேட்கிற ஊரில் அந்தப் பெயர் நமக்குத் தோன்றாமல் போனதுதான் எனக்கு ஆற்றாமை.

கரையானுக்கு வருவோம். புத்தகத்தை, கதவு நிலையைத் தின்றுவிட்டால் ‘செல்லரிச்சுப் போச்சு’ என்கிறோம். இந்தச் செல் கைப்பேசியும் இல்லை, உயிரணுவும் இல்லை. கரையானுக்குப் பழைய தமிழில் சிதல் என்று பெயர், தெலுங்கில் செதலு, கன்னடத்தில் கெத்தலு, மலையாளத்தில் சிதல். வரிசையாக வைத்துப் பார்த்தால் நம் செல் அந்தச் சிதலின் தேய்ந்த உருவமாகத்தான் படுகிறது. தனியாகச் சொன்னால் யாருக்கும் புரியாது, அரித்தது என்று சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ஈ கதை இன்னும் எளிது. தமிழின் ஓரெழுத்துச் சொற்களில் ஒன்று. தெலுங்கில் ஈக. தேனீ என்பது தேன் ஈ, தெலுங்கில் தேனெட்டீக, அதுவும் தேன் ஈ, கன்னடத்தில் ஜேனு நொண, மறுபடியும் தேன் ஈ. அந்த நொண வேறு எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஈழத்தமிழர்கள் கொசுவுக்குச் சொல்லும் நுளம்பின் உறவுக்காரன் அது. நம் கொசுவோ முன்பு கொசுகு, அதற்கும் முன்பு கொதுகு, மலையாளத்தில் இன்றும் கொதுகுதான். ஆங்கில மஸ்கிட்டோவும் ஸ்பானிய மொழியில் குட்டி ஈ என்று பொருள்படும் சொல். எல்லோரும் ஈயை வைத்தே மற்றதை அளந்திருக்கிறார்கள் போல.

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் தேன் வாங்காமல் திரும்புவதில்லை. கடைக்காரரிடம் எந்தத் தேனீயின் தேன் என்று கேட்டுப் பாருங்கள், பெயர்களிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. பாறையிலும் உயரமான மரத்திலும் ஒற்றைப் பெரிய அடை தொங்கவிடுவது மலைத்தேனீ. புதரில், சின்னக் கொம்பைச் சுற்றிச் சிறிய அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் நாம் வைக்கிற பெட்டியிலும் அடை மேல் அடையாக அடுக்குவது அடுக்குத்தேனீ. கொட்டவே தெரியாத, கொசு அளவே இருக்கிற பொடி இனம் கொசுத்தேனீ. பேர் வைத்தவர் தேன் எடுக்கப் போனவர் என்பது சொல்லாமலே தெரிகிறது. எங்கே தேடுவது, எவ்வளவு கிடைக்கும், கொட்டுமா கொட்டாதா, அவருக்கு அதுதான் முக்கியம்.

இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்று உண்டு. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1758ல் ஐரோப்பியத் தேனீக்கு ஏபிஸ் மெல்லிஃபெரா என்று வைத்தார், தேன் சுமப்பது என்று பொருள். பிறகு அவருக்கே உறைத்தது: தேனீ பூவிலிருந்து தேனைச் சுமந்து வருவதில்லை, பூவின் இனிப்பு நீரைக் கொண்டுவந்து கூட்டில் தேனாக்குகிறது. 1761ல் மெல்லிஃபிகா, தேன் செய்வது, என்று திருத்தினார். ஆனால் முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விதி, அதனால் தப்பான பெயரே இன்றுவரை சரியான பெயர். நம் ஆள் பேசாமல் தேன் ஈ என்று சொல்லி வம்பில்லாமல் போய்விட்டார்.

கேட்ட மாத்திரத்தில் புரியும் பெயர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். மின்னுவதால் மின்மினி, மின்னலுக்கும் மின்சாரத்துக்கும் இருக்கிற அதே மின். சத்தத்தால் சில்வண்டு, பழைய பெயர் சிள்வீடு. கோடையில் ஏற்காட்டுக் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் நின்றால் பக்கத்தில் பேசுகிறவர் குரலே கேட்காது. சுவர் இடுக்கில் இருந்து கூவுவதால் சுவர்க்கோழி. பச்சையாக இருந்து பயிரை வெட்டுவதால் வெட்டுக்கிளி, தத்தித் தத்திப் போவதால் தத்துக்கிளி. முன்னங்கால்களைக் கூப்பிக்கொண்டு நிற்பதால் கும்பிடுப்பூச்சி. கிரேக்கர்களும் அதைப் பார்த்து மாண்டிஸ், குறி சொல்பவர், என்றார்கள். பக்தி எல்லாம் வெளிவேஷம், இரை எட்டும் தூரத்துக்கு வந்தால் கூப்பிய கைதான் முதலில் பாயும்.

குழியானையை மட்டும் வேகமாகத் தாண்ட முடியாது. திண்ணையோரம், கோயில் மண்டபத்தின் நனையாத மண், இங்கெல்லாம் புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரியும், அடியில் புதைந்திருக்கும் பிராணி தலையால் மண்ணை வாரி மேலே எறியும், எறும்பு ஏற ஏறச் சரிந்து கடைசியில் கொடுக்குக்குள் போய் விழும். ஐரோப்பியர்கள் எறும்பின் பக்கத்திலிருந்து பார்த்து எறும்புச் சிங்கம் என்றார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு, தடித்த உடம்போடு பின்பக்கமாகவே நகர்வதைப் பார்த்து, யானை என்றார்கள். இது வளர்ந்து சிறகு முளைத்தால் ஏறக்குறைய தட்டான் மாதிரியே இருக்கும், ஆனால் தட்டானுக்குச் சொந்தமும் இல்லை.

நம்பிக்கையால் வந்த பெயர்களும் உண்டு. ஈர மண்ணைத் துளைக்கும் பிள்ளைப்பூச்சியை விழுங்கினால் பிள்ளை பிறக்கும் என்று ஒரு காலத்தில் வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், தயவுசெய்து யாரும் முயல வேண்டாம். குளவி பற்றியது இன்னும் சுவாரசியம். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள். மண்கூட்டுக்குள் குளவி ஒரு புழுவைக் கொண்டுபோய் வைத்து மூடுகிறது, சில நாளில் அந்தக் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வருகிறது, பார்த்தவர்கள் போட்ட கணக்கு தப்பில்லை. உள்ளே நடப்பதுதான் வேறு: கொட்டி மரத்துப்போன புழுவோடு குளவி தன் முட்டையையும் வைத்திருக்கும், முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வரும்.

விவசாயிகள் வைக்கும் பெயரில் கதைக்கு இடமில்லை, அடையாளமும் சேதமும் தெரிந்தால் போதும். சேலத்தில் மரவள்ளி போடாத பக்கம் குறைவு, ஜவ்வரிசி ஆலைகளே அதை நம்பித்தான். மரவள்ளிக் குருத்தில் வெள்ளையாக மாவு தூவினது மாதிரி அப்பியிருப்பது மாவுப்பூச்சி. அந்த மாவு அதன் உடம்பிலிருந்து வரும் மெழுகு, மருந்தடித்தாலும் அதைத் தாண்டி உள்ளே இறங்காது, அதனால்தான் ஒழிப்பது பாடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார், காபியோடு வந்த வார்த்தைகளில் ஒன்று போரர். புத்தகத் தமிழில் தண்டுத் துளைப்பான், காய்த் துளைப்பான் என்று எழுதுவார்கள், தோட்டத்தில் கேட்டால் ‘போரர் அடிச்சிருச்சுங்க’ என்பதோடு முடிந்துவிடும்.

ஊர் பெயர் ஒட்டியிருக்கும் பூச்சிகளை மட்டும் நம்பவே கூடாது. கரப்பானுக்கே முதலில் வருவோம். கரத்தல் என்றால் ஒளித்தல், கரப்பு இல்லாத நெஞ்சு என்று குறளில் வருமே அது. விளக்கைப் போட்டதும் இடுக்கில் மறைகிற பிராணிக்கு இது பொருந்துகிறது. கரப்பான் என்று ஒரு தோல் நோயும் இருப்பதால் அதையும் இதோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு, என் ஓட்டு ஒளிதலுக்குத்தான். ஆங்கிலக்காரர்கள் ஸ்பானிய மொழியின் ‘குகராச்சா’வைக் காதில் வாங்கி, வாய்க்கு வந்தபடி உருட்டி, கடைசியில் சேவல் என்றும் ஒரு மீன் என்றும் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து காக்ரோச் ஆக்கிவிட்டார்கள். நாம் மூட்டைக்குச் செய்ததை அவர்கள் இதற்குச் செய்திருக்கிறார்கள். நம் குளியலறையில் ஓடும் பெரிய சிவப்புக் கரப்பானின் அறிவியல் பெயரில் அமெரிக்கா இருக்கிறது, அது கிளம்பியது ஆப்பிரிக்காவிலிருந்து. சமையலறைச் சிறிய கரப்பானுக்கு லின்னேயஸ் 1767ல் ஜெர்மனியின் பெயரை வைத்தார். ரஷ்யர்கள் அதைப் பிரஷ்யாக்காரன் என்றார்கள், ஜெர்மானியர்கள் பதிலுக்கு ரஷ்யாக்காரன் என்றார்கள். 2024ல் வெளிவந்த மரபணு ஆய்வு, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர்ப் பக்கம் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து வந்தது அது என்று சொல்லிவிட்டது. ஊர் ஊராகப் பழி சுமத்தப்பட்டவர் கடைசியில் நம்மூர்ப் பக்கத்துக்காரர்.

புதுப் பெயர்கள் இன்னும் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. 2019ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், ஆங்கிலத்தில் தமிழ் யோமன் என்று இருந்ததைப் பார்த்து வைத்தது. பழைய பெயர்களில் சில வேறு எங்கோ ஒண்டிக்கொண்டு பிழைக்கின்றன. பட்டுப்புடவை வைக்கிற பீரோவுக்காக மளிகைக் கடையில் அந்துருண்டை கேட்போம். அந்து என்றால் நெல்லையும் துணியையும் அரிக்கிற பூச்சி, அதை விரட்டும் உருண்டை அந்துருண்டை. சென்னைப் பக்கம் இதையே பாச்சா உருண்டை என்பார்கள், அதற்குள் இருப்பது பாச்சை, கரப்பானுக்கு இன்னொரு பெயர். ‘வீட்ல அந்து இருக்குங்களா’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது, உருண்டை மட்டும் பாக்கெட்டில் போட்டு விற்றுக்கொண்டே இருக்கிறது.